டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பேரம் ஏன் ஒழிந்தது? (விவாத இழை)

ஏட்டுச்சுரைக்காய்

டிபார்ட்மென்ட் ஸ்டோர் (துணி முதல் நாற்காலி வரை தனித்தனிப் பிரிவுகளில் விற்கும் பெரிய கடை) வரலாறு என்று எதைப் புரட்டினாலும் ஒரே கதைதான். 1852-ல் அரிஸ்டீட் பூசிக்கோ பாரிஸின் 'போன் மார்ஷே' கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். விலையை எழுதி ஒட்டினார், வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார், பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்றார். அத்தோடு பேரம் போயிற்று. அமெரிக்காவில் இதே கதை பிலடெல்பியாவின் ஜான் வானமேக்கர் பெயரில் ஓடுகிறது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல். நியூயார்க் பிராட்வேயில் ஏ. டி. ஸ்டூவர்ட் 1846-ல் பளிங்குக் கட்டடம் திறந்தபோதே ஒரே விலைதான். 1673-ல் எடோவில் (இன்றைய டோக்கியோ) தொடங்கிய 'எச்சிகோயா' துணிக்கடை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'ரொக்கம் மட்டும், சொன்னதே விலை' என்ற முறைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவு வணிகர்கள் மத நம்பிக்கை காரணமாகவே பேரத்தை ஒதுக்கினார்கள். ஆக, யோசனை பழையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மட்டும் அது பெரிய கடை ஒவ்வொன்றுக்கும் கட்டாயமானது ஏன்? 'நாணயமான வியாபாரிகள்' என்ற பதில் வேண்டாம்.

கல்லாப்பெட்டி

சரியான கேள்வி. பதில் ஆள் கணக்குல இருக்கு.

பேரம் பேசுறவனுக்கு மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: சரக்கு என்ன விலைக்கு வந்தது, எதிர்ல நிக்கிறவர் எவ்வளவு தாங்குவார், இன்னைக்கு எதுவரைக்கும் இறங்கலாம். பழைய கடைகள்ல கொள்முதல் விலையைச் சீட்டுல ரகசியக் குறியா எழுதுவாங்க. பத்து எழுத்தும் வேற வேறயா இருக்குற ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு முதல் எழுத்து 1, ரெண்டாவது 2, கடைசி எழுத்து 0-ன்னு வச்சுக்குவாங்க. 55 மாதிரி ஒரே இலக்கம் அடுத்தடுத்து வந்தா வாடிக்கையாளர் குறியை உடைச்சிடுவார். அதனால ரெண்டாவது இடத்துக்குப் பதினோராவதா ஒரு தனி எழுத்து. முதலாளியும் நம்பிக்கையான நாலு பேரும் இந்தச் சொல்லை மனப்பாடம் பண்ணிருப்பாங்க, அவ்வளவுதான்.

இது பத்து ஆள் இருக்குற கடைக்குச் சரி. போன் மார்ஷேல 1880-கள்ல ஊழியர் ரெண்டாயிரத்தைத் தாண்டியாச்சு. ரெண்டாயிரம் பேருக்குத் தெரிஞ்சா அது ரகசியமா? அதுலயும் பாதிப் பேர் சின்ன வயசு, அனுபவம் கம்மி. அவங்க கையில விலையை இறக்குற அதிகாரத்தைக் கொடுத்தா, சொந்தக்காரங்களுக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலைன்னு லாபம் ஓட்டை வழியாப் போயிடும். விலைச்சீட்டு வாங்குறவருக்கு வாக்குறுதின்னு சொல்றாங்க. அதைவிட முக்கியமா, விற்கிறவருக்கு அது கடிவாளம். பேரம் பேசத் தெரிஞ்ச ஆளுக்குக் கொடுக்குற சம்பளத்தைத் தெரியாத ஆளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அதுவும் சேர்த்து.

நடுத்தறி

கல்லாப்பெட்டி சொன்னது சரி. சரக்குச் சுழற்சியையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏன் குறைவாக ஒட்டப்பட்டது என்பது விளங்காது.

கடையில் எப்போதும் 1,000 மதிப்புள்ள சரக்கு (கொள்முதல் விலையில்) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிக் கடை 40 விழுக்காடு ஏற்றி விற்கிறது, சரக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தீர்கிறது. மொத்த லாபம் 800. புதுக்கடை 20 விழுக்காடுதான் ஏற்றுகிறது, ஆனால் ஐந்து முறை தீர்க்கிறது. லாபம் 1,000. வாடிக்கையாளர் 140-க்கு வாங்கியதை 120-க்கு வாங்குகிறார், கடைக்கும் கூடுதல் வருமானம். முடங்கும் முதல் இரண்டுக்கும் ஒன்றே.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகை, விளக்கு, கணக்கர் சம்பளம் சுழற்சியோடு ஏறுவதில்லை. பொட்டலம் கட்டுவது, வண்டியில் வீட்டுக்கு அனுப்புவது, திரும்பி வரும் சரக்கைச் சரிபார்ப்பது மூன்றும் ஏறும். அந்தச் செலவுகளை அடக்காதவர்கள் சுழற்சியைக் கூட்டியும் நட்டப்பட்டார்கள்.

சுழற்சி வேகமாக வேண்டுமானால் ஒவ்வொரு விற்பனையும் சீக்கிரம் முடிய வேண்டும். பேரம் கால் மணி நேரம் தின்னும். விலைச்சீட்டோடு அது ஐந்து நிமிடம். 1863-ல் பூசிக்கோ பங்காளியை விலைக்கு வாங்கி வெளியேற்றியபோது போன் மார்ஷேயின் ஆண்டு விற்பனை சுமார் 70 லட்சம் பிராங்க். அவர் 1852-ல் சேர்ந்தபோது அது ஐந்து லட்சத்தைக்கூட எட்டவில்லை.

செங்காந்தள்

இருவரும் கடைக்காரர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். வாங்கியவர் யார் என்று கேட்டால் இன்னொரு காரணம் வெளியே வரும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருமணமான பெண்ணுக்குக் கடன் கொடுப்பது இங்கிலாந்தில் சட்டப்படி பெரும் தலைவலி.

பழைய ஏற்பாட்டில் மனைவி கணவன் பெயரில் வாங்குவாள், கடைக்காரர் கணக்கு எழுதிக்கொள்வார், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கணவன் தீர்ப்பான். தீர்க்க மறுத்தால்? 1880-ல் பிரபுக்கள் சபை (அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்) தீர்த்துவைத்த டெபனம் எதிர் மெல்லன் வழக்கு இதைப் பற்றியதுதான். மெல்லன் ஒரு ஹோட்டல் மேலாளர். தன் பெயரில் கடன் வாங்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவி துணி வாங்கினார். அந்தத் தடை பற்றிக் கடைக்குத் தெரியாது. ஆனாலும் கணவன் பொறுப்பில்லை என்றார்கள் நீதிபதிகள். அந்தக் கடை பின்னாளில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோராக வளர்ந்த டெபனம்ஸேதான்.

1882-ன் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் வரும்வரை மனைவியின் மேல் நேராக வழக்குப் போட்டும் பெரும்பாலும் பயனில்லை. ஆக, கடை என்ன செய்யும்? ரொக்கம். ரொக்கம் என்றால் கையிலிருக்கும் காசுக்கு எது கிடைக்கும் என்று அவள் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். விலை எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கடன் கணக்கு இருந்தவரை விலைக்குள் வட்டியும் வாராக்கடனும் ஒளிந்திருந்தன. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை. ரொக்கத்துக்கு மாறியதும் அந்த நியாயமும் போயிற்று.

ஏட்டுச்சுரைக்காய்

இந்தக் கோணம் எனக்குப் புதிது, செங்காந்தள். ஆனால் ஒரு மறுப்பு. 20-ஆம் நூற்றாண்டில் பெரிய கடைகள் கடன் கணக்கை மறுபடி தாராளமாகத் திறந்தன. அமெரிக்காவில் கடன் கணக்கு உள்ளவரை அடையாளம் காட்டும் உலோக வில்லைகளும் பிறகு முகவரி பொறித்த தகடுகளும் வந்தன. அப்போது பேரம் ஏன் திரும்பவில்லை?

கல்லாப்பெட்டி

ஏன்னா அதுக்குள்ள கணக்கெழுதுற முறையே விலைச்சீட்டு மேல கட்டப்பட்டாச்சு. நடுத்தறி, ரீடெய்ல் முறையைக் கொஞ்சம் சொல்லுங்களேன். என்னைவிட நீங்க தெளிவாச் சொல்வீங்க.

நடுத்தறி

சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஐம்பதாயிரம் பொருள் உள்ள கடையில் ஒவ்வொன்றும் எந்தப் பட்டியலில் எந்த விலைக்கு வந்தது என்று தேடிக் கையிருப்பை மதிப்பிட முடியாது. அதனால் எல்லாவற்றையும் விற்பனை விலையிலேயே கணக்கு வைத்துக் கடைசியில் ஒரு விகிதத்தால் கொள்முதல் மதிப்புக்குக் கொண்டுவருவார்கள்.

ஒரு பிரிவுக்குப் பருவத் தொடக்கக் கையிருப்பும் புதுச் சரக்கும் சேர்த்துக் கொள்முதலில் 60,000, ஒட்டிய விலையில் 1,00,000. விகிதம் 60 விழுக்காடு. விற்பனை 70,000. பருவத்தில் கொடுத்த விலைக்குறைப்பு 5,000. ஏட்டின்படி மீதி 1,00,000 – 70,000 – 5,000 = 25,000. இதில் 60 விழுக்காடு 15,000. கணக்குப் புத்தகத்தில் போகும் கையிருப்பு மதிப்பு இதுதான்.

இப்போது அலமாரியில் உள்ள சீட்டுகளை மட்டும் கூட்டுகிறோம். 23,500 வருகிறது. ஏட்டில் 25,000. குறை 1,500, அதாவது விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். திருட்டு, தவறான பில், பதியாத விலைக்குறைப்பு எல்லாம் இதற்குள் இருக்கும்.

விலைக்குறைப்பை விகிதத்தில் சேர்க்கக் கூடாது என்பது இங்கே முக்கியம். சேர்த்தால் 60,000-ஐ 95,000-ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 63 விழுக்காட்டைத் தாண்டும். கையிருப்பு 15,790 என்று உயர்ந்து தெரியும். விற்காத சரக்கு லாபமாக மாறிவிடும்.

இந்த முறை நிற்பது ஒரே ஒரு அனுமானத்தின் மேல்: சீட்டில் உள்ள விலைதான் விற்ற விலை. கவுண்டரில் யாராவது பேரத்துக்கு இறங்கினால் அந்த வித்தியாசம் அப்படியே 'குறை' கணக்கில் போய் விழும், திருட்டிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. ஆகவே விலை இறங்க வேண்டுமென்றால் பிரிவின் கொள்முதல் மேலாளர் தாள் எழுதி, கையெழுத்திட்டு, சீட்டை மாற்றியாக வேண்டும். பேரம் கவுண்டரிலிருந்து அந்தத் தாளுக்கு இடம்பெயர்ந்தது.

இதில் நடக்கும் கோல்மாலையும் சொல்லிவிடுகிறேன். பருவ முடிவில் தன் பிரிவு லாபம் அழகாகத் தெரிய வேண்டும் என்று மேலாளர் விலைக்குறைப்பைத் தள்ளிப்போடுவார். கெட்டுப்போன சரக்கு முழு விலையில் ஏட்டில் உட்கார்ந்திருக்கும். அடுத்த பருவத்தில் வெடிக்கும். கையிருப்பை வயது வாரியாகப் பிரித்துக் கேட்கிற தலைமை கணக்கர் இருந்தால்தான் இது பிடிபடும்.

கீழ்த்தளம்

அந்தத் தள்ளிப்போடுதலுக்கு மருந்தாகத்தான் பாஸ்டனில் ஃபைலீன்ஸ் கடை 1909-ல் 'தானியங்கி' கீழ்த்தளத்தைத் திறந்தது. விலைக்குறைப்பை யாருடைய மனசுக்கும் விடவில்லை. சீட்டில் வந்த தேதி. 12 விற்பனை நாளில் விற்காவிட்டால் 25 விழுக்காடு குறையும். 18 நாளில் 50. 24 நாளில் 75. 30 நாளிலும் கிடந்தால் தர்ம ஸ்தாபனத்துக்கு.

வாடிக்கையாளர் என்ன செய்தார் தெரியுமா? பிடித்த கோட்டை வேறு அளவுகளுக்கு நடுவில் ஒளித்துவைத்து விட்டு அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்தார்! நான் இதைப் பேரம் என்றுதான் சொல்வேன். எதிராளி நாட்காட்டி, அவ்வளவே. முழுச் சரக்கும் காத்திருந்து போனால் கடை மூழ்கிவிடும். ஆனால் ஒற்றை உருப்படிகளாகக் குவித்துப் போட்டதால் 'இன்னொருவர் எடுத்துவிடுவார்' என்ற பயம் முதல் கட்டத்திலேயே விற்க வைத்தது. இதே திட்டம் ஒரே ரகத்தில் நூறு உருப்படி வைத்த இடத்தில் வேலை செய்யாது.

உருளைக்குழாய்

காசு எப்படிப் போனது என்பதை யாரும் சொல்லவில்லையே. விலை நிலையானதால்தான் விற்பவரும் காசு வாங்குபவரும் வேறு வேறு ஆளாக முடிந்தது.

முதலில் சிறுவர்கள். விற்றவர் சீட்டும் காசும் கொடுக்க, பையன் கல்லாவுக்கு ஓடி, மீதியைக் கொண்டுவருவான். 1880-களில் லாம்சன் என்ற அமெரிக்கர் மரப்பந்து முறையைப் பரப்பினார். உள்ளே குடைந்த பந்து இரண்டாகத் திறக்கும். காசையும் சீட்டையும் வைத்து மூடிச் சாய்வுத் தண்டவாளத்தில் விட்டால் கல்லாவுக்கு உருண்டு போகும். திரும்பும் தண்டவாளம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு பந்து விட்டம். தண்டவாளத்தில் அந்தந்த இடத்தில் அந்த அளவுக்குத் துளை. சிறிய பந்து கல்லாவுக்கு அருகில் உள்ள கவுண்டரில் விழும், பெரிய பந்து சிறு துளைகளைத் தாண்டிக் கடைசிக்குப் போகும். கல்லாவில் பந்தை மாற்றி விட்டால் மீதிக் காசு அடுத்த கவுண்டரில் விழுந்துவிடும். அதுதான் அன்றாட வம்பு.

அடுத்தது கம்பி. சுருள்வில்லின் பிடியை இழுத்துவிட்டால் பெட்டி கம்பியில் சறுக்கிப் போகும். கண்ணுக்கெட்டும் நேர்க்கோட்டில், ஒரே கூடத்தில் மட்டும்தான் பயன்படும். பல மாடிக் கட்டடத்துக்குக் காற்றுக் குழாய்தான். வானமேக்கர் கடையில் 1880-லேயே அது வந்துவிட்டது. உருளையின் இரு முனையிலும் கம்பளி வளையம் இருக்கும், அதுதான் காற்றை அடைக்கும். வளையம் தேய்ந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்து உருளை ஏற்றத்திலோ வளைவிலோ நின்றுவிடும். மூடி சரியாகப் பூட்டாமல் அனுப்பினால் நடுவழியில் திறந்து குழாய்க்குள் சில்லறை சிதறும், அந்தக் கிளையையே நிறுத்திக் கழற்ற வேண்டும்.

1879-ல் ஜேம்ஸ் ரிட்டி கல்லா இயந்திரம் செய்துவிட்டார். பிறகும் பெரிய கடைகள் குழாயை விடாததற்குக் காரணம், ஏட்டுச்சுரைக்காய் கேட்ட அந்தக் கடன் கணக்குதான். சீட்டு மைய அறைக்குப் போனால் அங்கே இருக்கும் பேரேட்டில் வாடிக்கையாளரின் வரம்பைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பலாம். கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரிய வேண்டியதேயில்லை.

செங்காந்தள்

'கவுண்டரில் இருக்கும் பெண்' பற்றிக் கொஞ்சம். அவளுக்கு வரம்பு தெரியாது, கொள்முதல் விலை தெரியாது, விலையை மாற்ற முடியாது. திறமையின் ஒவ்வொரு துண்டையும் பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு, மிச்சத்துக்குக் கொடுத்த கூலி எப்படி இருக்கும்?

பிரிட்டனில் பலர் கடையின் விடுதியிலேயே தங்க வேண்டும், சாப்பாடும் படுக்கையும் கூலியில் ஒரு பகுதி. வேலை போனால் அதே நாளில் வீடும் போகும். விதிப் புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதிகள், ஒவ்வொன்றுக்கும் அபராதம்: தாமதம், தப்பான பில், வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பியது. 1886 சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் வேலையை வாரம் 74 மணி நேரத்துக்குக் கட்டுப்படுத்தியது. அது குறைப்பு என்றால் அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள். 1899 சட்டம் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை வைக்கச் சொன்னது. இருக்கை வந்தது. அதில் உட்கார்ந்தவளை மேற்பார்வையாளர் பார்த்த பார்வைக்குச் சட்டம் இல்லை. பிரான்சிலும் 1900 டிசம்பரில் இதே போன்ற இருக்கைச் சட்டம். வாரத்துக்கு அரை நாள் விடுப்பு பிரிட்டனில் 1911-ல்தான்.

கடைகளில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்துக்கொண்டே இந்த நிலைமைகளை ஆவணப்படுத்திய மார்கரெட் பான்ட்ஃபீல்ட் 1929-ல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார்.

பூசிக்கோ கொஞ்சம் நல்லவர் என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன்: 1876-ல் சேமநிதி தொடங்கினார், உண்மை. 1869-ல் பாரிஸ் கடை ஊழியர்கள் வேலை நேரக் குறைப்புக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் வேலைநிறுத்தம் செய்த பிறகு.

கீழ்த்தளம்

வாங்க வந்த பெண்களுக்கும் கட்டடம் எளிதில் கிடைக்கவில்லை. லண்டனில் ஒரு பெண் காலையில் வந்து மாலைவரை கடைத்தெருவில் இருக்க வேண்டும் என்றால் சாப்பிடவும் ஒதுங்கவும் இடம் வேண்டும். தெருவில் பெண்களுக்குக் கழிப்பறை அரிது. வில்லியம் வைட்லி 1872-ல் பேஸ்வாட்டர் கடையில் உணவகம் வைத்து மது உரிமம் கேட்டார். மறுத்தார்கள். பெண்கள் கடை சாக்கில் ஆண்களைச் சந்திப்பார்கள் என்பதுதான் பயம். 1876 நவம்பர் 5-ம் தேதி அக்கம்பக்கத்துக் கசாப்புக்காரர்கள் ஊர்வலமாகப் போய் அவர் உருவபொம்மையை எரித்தார்கள், இறைச்சியும் விற்கத் தொடங்கிவிட்டார் என்று!

சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட் கடை 1890-ல் தேநீர் அறை திறந்தது. அங்கே வளர்ந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் 1909 மார்ச்சில் லண்டனில் சொந்தக் கடை திறந்தபோது வாசிப்பறை, ஓய்வறை, உணவகம் எல்லாம் முதல் நாளிலிருந்தே. அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்து வந்த விமானத்தைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். இதெல்லாம் தாராளம் இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகும் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கும் வேலை.

ஏட்டுச்சுரைக்காய்

'யாரும் உள்ளே வரலாம்' என்பதன் எல்லையையும் பேச வேண்டும் அல்லவா?

செங்காந்தள்

ஆம். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவர் காசு கொடுத்து வாங்கலாம். பல கடைகளில் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்க முடியாது, உணவகத்தில் உட்கார முடியாது. வடக்கில்கூட அவர்களை லிஃப்ட் இயக்கும் வேலையில் பார்க்கலாம், கவுண்டருக்குப் பின்னால் அல்ல. 1934-ல் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியின் பிளம்ஸ்டைன் கடை முன் மறியல் நடந்தது இதற்காக: எங்கள் காசு வேண்டும் என்றால் எங்களுக்கு வேலையும் கொடு. 1960 அக்டோபரில் அட்லாண்டாவின் ரிச்ஸ் கடை உணவகத்தில் உட்கார்ந்ததற்காக மாணவர்களோடு மார்ட்டின் லூதர் கிங் கைதானார்.

ஜெர்மனியில் வேறு மாதிரி. டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் பல யூதக் குடும்பங்களுடையவை. சிறு வணிகரின் கோபத்தை அரசியல் அதன் மேல் திருப்பியது. 1900-ல் பிரஷ்யா பெரிய கடைகளுக்குத் தனி வரி போட்டது. 1920-ல் நாஜிக் கட்சியின் 25 அம்சத் திட்டத்தில் 16-வது அம்சமே பெரிய கடைகளைப் பறித்துச் சிறு வணிகருக்கு வாடகைக்கு விடுவது. ஆட்சிக்கு வந்தபின் ஹெர்மன் டீட்ஸ் நிறுவனம் உரிமையாளர் கையைவிட்டுப் போய் 'ஹெர்ட்டி' ஆனது.

உருளைக்குழாய்

கட்டடம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், எல்லோரும் புகழும் அந்த நடுமுற்றத்தைப் பற்றி. கண்ணாடிக் கூரை, சுற்றிலும் மாடங்கள், நடுவில் பெரிய படிக்கட்டு. மின்விளக்குக்கு முன் பகல் வெளிச்சத்தை உள்ளே இறக்க அது தேவை. ஒரு மாடத்தில் நின்றால் மற்றெல்லாச் சரக்கும் கண்ணில் படும், அது வியாபாரத்துக்கும் நல்லது. தீக்கும் அதுவே புகைபோக்கி. தொங்கும் துணியும் அட்டையும் எரிய ஆரம்பித்தால் சூடான புகை நிமிடங்களில் மேல் மாடிகளை நிரப்பும், படிக்கட்டும் அதே முற்றத்துக்குள்தான் இருக்கிறது.

பாரிஸின் பிரான்தாம் கடை 1881-ல் எரிந்தது. 1932 டிசம்பரில் டோக்கியோவின் ஷிரோகியா கடையில் பொம்மைப் பிரிவின் கிறிஸ்துமஸ் விளக்கிலிருந்து பிடித்த தீ செல்லுலாய்ட் பொம்மைகளில் பாய்ந்து 14 பேர் இறந்தார்கள். கயிற்றில் தப்பி இறங்கிய பெண்கள் கிமோனோ (ஜப்பானிய உடை) விலகுமே என்று கூச்சப்பட்டுக் கயிற்றை விட்டார்கள் என்ற கதையைப் பின்னாளைய ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்கள், தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். 1967 மே 22-ல் பிரஸ்ஸல்ஸின் 'இன்னோவாசியோன்' கடை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்த்தா வடிவமைத்த 1901-ம் ஆண்டுக் கட்டடம். நடுமுற்றம் உண்டு, தானியங்கி நீர்த்தெளிப்பான் கிடையாது.

பின்னர் வந்த கடைகள் முற்றத்தை மூடி, சன்னலில்லாத தளங்களாக, தீத்தடுப்புச் சுவரால் சூழ்ந்த தனிப் படிக்கட்டுகளோடு கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் மிச்சம் என்பது இன்னொன்று.

கல்லாப்பெட்டி

மேல் மாடிப் பிரச்சினையும் இருக்கே. லிஃப்ட் வந்தது 1857-லயே, நியூயார்க் ஹாவௌட் கட்டடத்துல, அஞ்சு மாடி, ஓட்டிஸ் கம்பெனி போட்டது. ஆனா லிஃப்ட் கூட்டத்தைத் தவணை தவணையாத்தான் ஏத்தும். ஆளுங்க காத்திருப்பாங்க, பாதிப் பேர் தரைத்தளத்தோட திரும்பிடுவாங்க. அதனாலதான் தரைத்தளத்துல சட்டுனு கை வைக்கிற சரக்கு: கையுறை, ரிப்பன், வாசனைத் திரவியம். மேல போகப் போக யோசிச்சு வாங்குறது: நாற்காலி, கம்பளம். 1898-ல ஹாரட்ஸ் நகரும் படிப்பட்டை போட்டப்ப, ஏறி இறங்கினவங்களுக்கு மயக்கம் தெளிய பிராந்தி கொடுத்தாங்கங்கிறது பிரபலமான கதை. சிரிக்கிற விஷயமா தோணும், ஆனா அதுதான் மேல் மாடிக்கு நிக்காத கூட்டத்தைக் கொண்டுபோன இயந்திரம்.

ஜப்பான்ல வாசல்லயே ஒரு அடைப்பு இருந்தது. காலணியைக் கழட்டிக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கிட்டுத்தான் உள்ள போகணும். கூட்ட நாள்ல அந்தச் சீட்டு வரிசையே கடையோட கொள்ளளவு. 1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் கட்டின கட்டடங்கள்ல காலணியோட உள்ள விட்டாங்க. 1929-ல ஒசாகாவோட உமேதா நிலையத்துல ஹான்க்யூ ரயில் கம்பெனியே கடை திறந்தது, ரயிலை விட்டு இறங்கினதும் கடை.

ஏட்டுச்சுரைக்காய்

கடைசியாக ஒன்று. நிலையான விலைதான் இவ்வளவையும் தாங்கியது என்றால், 1950-களுக்குப் பிறகு இந்தக் கடைகளைத் தள்ளாட வைத்ததும் விலைதானா?

நடுத்தறி

பெரிய அளவில், ஆம். அமெரிக்காவில் 1937-ன் மில்லர்–டைடிங்ஸ் சட்டம் உற்பத்தியாளர் சில்லறை விலையை நிர்ணயிப்பதற்கு மாநிலங்களுக்கு வழிவிட்டது. தெருவில் எல்லாக் கடையிலும் ஒரே விலை என்றால் சேவையும் கட்டடமும் சிறந்த கடை வெல்லும், அது டிபார்ட்மென்ட் ஸ்டோர். தள்ளுபடிக் கடைகள் அந்தச் சட்டத்தை மீறியும் சுற்றியும் வளர்ந்தன. கேமார்ட், வால்மார்ட், டார்கெட் மூன்றும் ஒரே ஆண்டில் தொடங்கின, 1962. அவை விற்பனையாளரை நீக்கிக் கூடையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, கல்லாவை வாசலில் வைத்தன. 1975-ல் சட்டமே ரத்தானது. பிரிட்டனில் 1964-லேயே இதே திருப்பம்.

அதோடு புறநகர். 1956-ல் மினசோட்டாவில் விக்டர் குரூயன் வடிவமைத்த சவுத்டேல் மால் திறந்தபோது இரண்டு டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள்தான் இரு முனையின் தூண்கள். சொந்தக் கிளையே நகர நடுக் கடையின் கூட்டத்தைத் தின்றது.

கீழ்த்தளம்

பலர் அதற்குப் பிறகு தளத்தைப் பிராண்டுகளுக்கு விட்டார்கள். ஜப்பானில் இது உச்சத்துக்குப் போனது: சரக்கு பிராண்டுடையது, கவுண்டரில் நிற்கும் ஊழியரும் பிராண்டு அனுப்பியவர். வாடிக்கையாளர் பணம் கட்டும் நொடியில்தான் கடை அந்தப் பொருளைக் 'கொள்முதல்' செய்ததாகப் பதிவாகும். விற்காத சரக்கு பிராண்டின் தலையில். நடுத்தறி சொன்ன கையிருப்புக் கணக்கில் கடையின் பக்கம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். விலைக்குறைப்புத் தாளில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் பெரும்பாலும் பிராண்டிடம் போய்விடுகிறது.

கல்லாப்பெட்டி

அந்தக் கடைகள்ல மேலாளரைக் கூப்பிட்டு விலை குறைக்கச் சொன்னா, அவரால முடியாது. சரக்கு அவருது இல்லையே. பிராண்டு ஆளைத்தான் கேக்கணும், அவரும் அவங்க தலைமை அலுவலகத்துக்குப் போன் போடுவார்.